துறைமுக வாயிலில் உணவுப் பாதுகாப்பு: 1907ஆம் ஆண்டுச் சட்டம் பற்றிய ஒரு நோக்கு

உணவு தொடர்பான சட்டங்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் சந்தையையும் கடையையுமே எண்ணிப் பார்க்கின்றோம். எனினும், கடல் கடந்து வரும் உணவை அது சந்தையை அடையுமுன்னரே சோதித்து நிறுத்தும் அதிகாரம் எவ்வாறு உருவாயிற்று என்பது தனித்து நோக்கத்தக்க வரலாறாகும். அதன் முக்கியமான ஒரு கட்டம் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் பிரித்தானியாவில் நிகழ்ந்தது.

அதற்கான பின்னணியைக் குளிரூட்டும் தொழில்நுட்பம் அமைத்துக் கொடுத்தது. 1882இல் நியூசிலாந்திலிருந்து புறப்பட்ட 'டனீடின்' என்னும் பாய்க்கப்பல், உறையவைக்கப்பட்ட சுமார் 5,000 விலங்குடல்களுடன் இலண்டனை அடைந்தது. மூன்று மாதங்களுக்கும் மேற்பட்ட அப்பயணத்தின் பின்னர் ஒன்று மாத்திரமே பழுதென ஒதுக்கப்பட்டது. இவ்வெற்றியைத் தொடர்ந்து பிரித்தானியத் தொழிலாளர் குடும்பங்கள் மலிவான இறைச்சிக்குத் தொலைதூர நாடுகளைச் சார்ந்திருக்கலாயின. விலங்கு எங்கே, எந்நிலையில் அறுக்கப்பட்டது என்பதை உண்பவரும் அறியார், விற்பவரும் அறியார்.

அக்காலத்தில் சட்டங்களே இல்லை எனக் கூறிவிட முடியாது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இலண்டன் துறைமுகத்தின் சுகாதாரப் பொறுப்பு இலண்டன் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டின் உணவு, மருந்து விற்பனைச் சட்டம், இறக்குமதியாகும் தேயிலையைச் சுங்க அதிகாரிகள் சோதிக்க வேண்டுமென விதித்தது. 1899இல் வெண்ணெய், பால் போன்றவற்றுக்கும் இறக்குமதி விதிகள் வந்தன. ஆனால் இவை கலப்படத்தையே நோக்கின, நோயை நோக்கவில்லை. கெட்டுப்போன உணவைக் கைப்பற்றும் அதிகாரத்தை 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் வழங்கியதாயினும், அது விற்பனைக்காக வைக்கப்பட்ட உணவைக் குறித்தே பேசியது. கப்பலின் அடித்தட்டில் கிடக்கும் சரக்கிற்கு அச்சொற்கள் எளிதிற் பொருந்தவில்லை.

1906இல் அப்டன் சின்கிளயர் எழுதிய 'தி ஜங்கிள்' நாவல், சிக்காகோ இறைச்சிக் கூடங்களின் நிலையை உலகறியச் செய்தது. அதே ஆண்டு ஜூன் 30ஆம் நாள் அமெரிக்கா இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்தையும் தூய உணவு, மருந்துச் சட்டத்தையும் நிறைவேற்றியது. மறு ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம், உணவின் இறக்குமதி, தயாரிப்பு, சேமிப்பு, விநியோகம் ஆகியவற்றால் பொதுச் சுகாதாரத்துக்கு விளையும் ஆபத்தைத் தடுக்க ஒழுங்குவிதிகள் இயற்றும் அதிகாரத்தை உள்ளூராட்சிச் சபைக்கு வழங்கியது.

அவ்வதிகாரத்தின் கீழ் 1908இல் வெளிவந்த வெளிநாட்டு இறைச்சி ஒழுங்குவிதிகளிலேதான் இவ்வரலாற்றின் சாரம் அடங்கியுள்ளது. பன்றிகளிற் காசநோய் இருப்பின், அதன் அடையாளம் தாடைக்குக் கீழுள்ள நிணநீர்ச் சுரப்பிகளிற் பெரும்பாலும் காணப்படும். அச்சுரப்பிகளை அகற்றிவிட்டால், நோயுற்ற உடலையும் நலமான உடலையும் பிரித்தறிய வழியிராது. எனவே, சுரப்பி அகற்றப்பட்ட உடலை ஒழுங்குவிதிகள் ஏற்க மறுத்தன. விலங்குடலின் எப்பகுதி என அறிய முடியாத துண்டு இறைச்சிக்கும் இத்தகைய தடை விதிக்கப்பட்டது. வேறு சில வகைகளுக்கு ஏற்றுமதி செய்யும் நாட்டின் அதிகாரபூர்வச் சான்று கோரப்பட்டது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. முந்தைய சட்டங்களின்படி, உணவு பழுதானது என்பதை அதிகாரியே நிறுவ வேண்டியிருந்தது. இப்பொழுதோ, சோதிக்க இயலாதவாறு ஆக்கப்பட்ட உணவு அக்காரணத்தினாலேயே மறுக்கப்பட்டது. சான்றை அழித்தவர் அதன் பயனை அடையலாகாது என்னும் நீதி சட்டமாயிற்று. மலிவென்று துண்டு இறைச்சியை வாங்கும் ஏழைக்கு அதன் மூலத்தை விசாரித்தறியும் வசதி இல்லை; அவன் சார்பில் அவ்விசாரணையைத் துறைமுகமே மேற்கொண்டது.

1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் அத்துடன் நிற்கவில்லை. போரிக் அமிலம் முதலான பதப்படுத்தும் பொருள்களைத் தடைசெய்த 1925ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் அதன் கீழேயே பிறந்தன. பிரித்தானிய ஆட்சியின் கீழிருந்த சென்னை மாகாணம் தனது கலப்படத் தடுப்புச் சட்டத்தை 1918இலேயே பெற்றது. கலப்பட உணவின் இறக்குமதியை இந்தியா முழுமைக்கும் தடைசெய்த சட்டமோ சுதந்திரத்தின் பின், 1954இல் வந்தது.

இன்று உணவுச் சரக்குகளுடன் வரும் சுகாதாரச் சான்றிதழை வெறும் காகிதமாக எண்ணுவோர் உளர். காணாத இடத்தில் தயாராகும் உணவை நம்பி உண்ணும் மனிதனுக்கு, அந்நம்பிக்கைக்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டியவர் அனுப்புபவரே என்பதை அக்காகிதம் நினைவூட்டுகின்றது.