வணிகர் துறைமுகம்
கோபன்ஹேகன் நகர வரலாறு

ஊரின் பெயர் அதன் பிறப்பைக் கூறும் என்பர். டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனுக்கு இது முற்றும் பொருந்தும். வணிகர் துறைமுகம் என்பதே அப்பெயரின் பொருள். பட்டினம் என முடியும் தமிழ் ஊர்ப்பெயர்களோடு இதனை ஒப்பிடலாம்.

சீலாந்து, அமாகர் என்னும் இரு தீவுகளில் இந்நகர் அமைந்துள்ளது. கிழக்கே ஓரசுண்ட் நீரிணை. அதற்கு அப்பால் சுவீடன். பால்டிக் கடலுக்குச் செல்லும் கப்பல்களுக்கு அந்நீரிணையே பெருவழி. அத்துறையைக் காக்க, 1167ஆம் ஆண்டளவில் அப்சலோன் என்னும் ஆயர் அங்கே கோட்டை எழுப்பினார். அதன் சிதைவுகளை, நாடாளுமன்றம் கூடும் கிறிஸ்தியான்ஸ்போர்க் அரண்மனையின் அடியில் இன்றும் காணலாம். 15ஆம் நூற்றாண்டில் இவ்வூர் தலைநகராயிற்று. 1479இல் பல்கலைக்கழகமும் தோன்றிற்று.

நகருக்கு எழில் சேர்த்தவர் 1588 முதல் 1648 வரை ஆண்ட நான்காம் கிறிஸ்தியான் மன்னர். பங்குச் சந்தை மாளிகையும், வானாராய்ச்சிக்கென 1642இல் முடிக்கப்பெற்ற வட்டக் கோபுரமும் அவர் கட்டியவை. அக்கோபுரத்தின் உள்ளே சுழன்று ஏறும் சாய்தள வழி காண்போரை வியக்கச் செய்யும்.

அம்மன்னர் காலத்தில்தான் தமிழகத் தொடர்பும் அரும்பிற்று. 1616இல் டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவப்பட்டது. 1618இல் புறப்பட்ட கப்பல்கள் சோழ மண்டலக் கரையை அடைந்தன. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் வணிகம் செய்ய இசைவளித்தார். அவர் டேனிய மன்னருக்குப் பொற்றகட்டில் தமிழில் எழுதுவித்து அனுப்பிய ஓலை, கோபன்ஹேகனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திற்கு உரியது.

அந்நகர் பட்ட இன்னல்களை எண்ணினால், அவ்வோலை எஞ்சியதன் அருமை புலப்படும். 1728ஆம் ஆண்டுத் தீயில் நகரின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தது. வட்டக் கோபுரத்தை அடுத்திருந்த பல்கலைக்கழக நூலகமும் சாம்பலாயிற்று. ஐஸ்லாந்துப் பழஞ்சுவடிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்திருந்த ஆர்னி மாக்னுசன் என்னும் பேராசிரியர், தம் வீட்டைத் தீ நெருங்கியபோது சுவடிகளுள் பெரும்பகுதியை வெளியேற்றினார். அச்சு நூல்கள் பல எரிந்தன. அவர் காத்தவற்றுள் பல, 1971 முதல் ஐஸ்லாந்துக்கே திருப்பி அளிக்கப்பட்டன.

1795இல் மீண்டும் ஒரு பெருந்தீ. 1807இல் ஆங்கிலேயக் கடற்படையும் தரைப்படையும் நகர்மீது குண்டுமாரி பொழிந்தன. ஒவ்வொரு முறையும் நகர் மீண்டெழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் மதில்கள் இடிக்கப்பட்டு நகர் விரிந்தது. 2000இல் ஓரசுண்ட் பாலம் சுவீடனோடு அதனை இணைத்தது. மிதிவண்டிக்கெனத் தனிப் பாதைகள் கொண்ட நகர் என்னும் புகழும் அதற்கு உண்டு.

2024 ஏப்ரல் 16ஆம் நாள் பங்குச் சந்தை மாளிகையில் தீ மூண்டது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கிய வடிவில் நின்ற கோபுர முனை சரிந்தது. தீ எரிந்துகொண்டிருக்கும்போதே ஊழியரும் வழிப்போக்கரும் பழைய ஓவியங்களைத் தோளில் சுமந்து தெருவுக்குக் கொணர்ந்தனர்.

மாளிகையை மீண்டும் கட்டலாம். எரிந்த சுவடியை மீண்டும் எழுத இயலாது. மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஆர்னி மாக்னுசன் அறிந்திருந்த இவ்வுண்மையை, அந்நகர மக்கள் இன்றும் மறக்கவில்லை.