நீர்மூழ்கி ரோபோவும் அதன் கேபிளும்

நீருக்கடியில் இயங்கும் ரோபோவை மேலிருந்து ஓட்ட வேண்டுமானால் கேபிள் இல்லாமல் முடியாது. கடல்நீர் ரேடியோ அலைகளை மிகக் குறைந்த தூரத்திலேயே விழுங்கிவிடுகிறது. ஒலி அலை வெகுதூரம் போகும். ஆனால் தெளிவான நேரடி வீடியோவைச் சுமக்கும் திறன் அதற்கு இல்லை. கட்டளை கீழே போகவும் படம் மேலே வரவும் கம்பிதான் வழி. ரோபோவுக்கான மின்சாரத்தையும் அதே கேபிளில் அனுப்புவதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு விடை சொன்னது. வீட்டில் செய்யப்படும் ரோபோக்களின் வடிவம் மாறி வந்ததற்கு அந்த விடைகளே பெரிதும் காரணம்.

கேபிளில் கட்டி ஓட்டிய முதல் நீரடி ஊர்திகளுள் ஒன்று, திமித்ரி ரெபிகாஃப் 1953-இல் உருவாக்கிய 'பூடில்'. அடுத்த பத்தாண்டில் அமெரிக்கக் கடற்படை, கடலடியில் கிடந்த டார்பிடோக்களை மீட்க 'கர்வ்' என்ற ஊர்தியைச் செய்தது. 1966 ஜனவரியில் ஸ்பெயினின் பாலோமாரெஸ் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதியதில் ஒரு ஹைட்ரஜன் குண்டு கடலுக்குள் போனது. சுமார் 870 மீட்டர் ஆழத்தில் கிடந்த அதை எடுக்க ஏப்ரலில் கர்வ் இறக்கப்பட்டது. குண்டின் பாராசூட்டில் ஊர்தியே சிக்கிக்கொள்ள, இரண்டையும் சேர்த்தே மேலே தூக்கினார்கள். மின்சாரம், கட்டளை, படம் என எல்லாமே ஒரே தடித்த கேபிளில் ஓடிய காலம் அது. அந்தக் கேபிளைச் சுற்றிவைக்கவே கப்பல் வேண்டும். தனிமனிதர் நினைத்துப் பார்க்கக்கூடிய பொருளல்ல.

அதைப் பள்ளி மாணவரின் கைக்குக் கொண்டுவந்தது 1997-இல் ஹாரி போமும் விக்கி ஜென்சனும் எழுதிய செய்முறை நூல். பி.வி.சி. குழாயில் ஒரு சட்டம், சிறிய மோட்டார்கள், கரையில் 12 வோல்ட் பேட்டரி, கையில் ஸ்விட்ச் பெட்டி: இவ்வளவுதான். அதிலிருந்த 'சீ பெர்ச்' என்ற ரோபோவை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் கடல்சார் திட்டம் 2003 முதல் பள்ளிகளில் பரப்பியது. மோட்டாரை ஃபிலிம் சுருள் டப்பாவுக்குள் வைத்து, மெழுகால் நிரப்பித் தண்ணீர் புகாமல் அடைத்தார்கள். கேபிளாகக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கான சாதாரணக் கம்பியையே எடுத்துக்கொண்டார்கள். அதற்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். மூன்று மோட்டாருக்கு மூன்று ஜோடி. ஸ்விட்சைத் திருப்பினால் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறி, மோட்டார் எதிர்ப்பக்கம் சுழலும். ரோபோவுக்குள் எந்த மின்னணுப் பலகையும் கிடையாது.

இந்த எளிமைக்கு விலை உண்டு. அந்தக் கேபிளிலுள்ள 24 கேஜ் செம்புக் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.084 ஓம் தடை தரும். 15 மீட்டர் கேபிளில் மின்னோட்டம் போய்த் திரும்பும் தூரம் 30 மீட்டர்; தடை 2.5 ஓம். மோட்டார் 2 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் வழியிலேயே தொலைந்து, மோட்டாருக்கு 7 வோல்ட்தான் போய்ச் சேரும். தடித்த கம்பி போட்டால் இந்த இழப்பு குறையும். ஆனால் கேபிளின் எடையும் நீரோட்டத்தில் அது தரும் இழுவையும் கூடும். கேபிளை மிதக்கவைக்க ஆங்காங்கே நுரைத் துண்டுகள் கட்ட வேண்டிவரும். கடைசியில் சிறிய மோட்டாரின் சக்தியில் பெரும்பகுதி கேபிளை இழுக்கவே செலவாகும்.

2004-இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நடந்த, மாணவர்களின் நீரடி ரோபோக்களுக்கான 'மேட்' போட்டியில் இதற்கு வேறொரு விடை வந்தது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரிலுள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி மாணவர் நால்வர், பேட்டரியை ரோபோவுக்குள்ளேயே வைத்தார்கள். தண்ணீர் புகுந்தால் எல்லாம் போச்சு. ஆனால் கேபிள் மெலிந்தது, ரோபோ லகுவாகத் திரும்பியது. தண்ணீர் புகவும் செய்தது! கடையில் டாம்பான் வாங்கிவந்து உள்ளே வைத்து ஈரத்தை உறிஞ்சவிட்டுச் சமாளித்து, எம்.ஐ.டி. அணியையும் முந்திப் பரிசு வென்றார்கள்.

மின்னழுத்தத்தை உயர்த்துவது இன்னொரு வழி. அதே போட்டியின் உயர்பிரிவில் பின்னாளில் 48 வோல்ட் வழங்கினார்கள். அதே திறனுக்கு மின்னோட்டம் 12 வோல்ட்டில் ஓடுவதில் கால்பங்கானால் போதும். கம்பியில் வீணாகும் திறன் பதினாறில் ஒரு பங்காகிவிடும்.

வீட்டு ரோபோக்கள் பெரும்பாலும் பேட்டரியின் பக்கமே சாய்ந்தன. எரிக் ஸ்டாக்போலும் டேவிட் லாங்கும் 2012-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளியிட்ட 'ஓப்பன்ஆர்ஓவி'யில் பேட்டரியும் சிறு கணினியும் உள்ளேயே இருந்தன. கேபிள் என்பது முறுக்கிய இரண்டே கம்பி. வீட்டு மின்கம்பி வழியாகவே இணையத்தைக் கடத்தும் அடாப்டர் தொழில்நுட்பம் கட்டளையையும் வீடியோவையும் அந்த ஒரே ஜோடியில் ஓடவைத்தது. 2016-இல் வந்த 'ப்ளூஆர்ஓவி2'வும் இதே வழியில் போனது. அதன் கேபிள் நீரில் மூழ்காமலும் மேலெழாமலும் நிற்கும்படி செய்யப்பட்டது.

இதில் பேட்டரி தீர்ந்தால் ரோபோ மேலே வந்தாக வேண்டும். நாள் முழுக்க ஆழத்தில் வேலை செய்யும் பெரிய ஊர்திகள் இன்றும் கப்பலிலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் 'ரோசப் 6000', 2010-இல் இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் இறங்கியது அப்படித்தான். கம்பியில் இழப்பு குறைய அத்தகைய ஊர்திகளுக்குப் பல ஆயிரம் வோல்ட் அனுப்பி, கீழே மின்மாற்றியால் இறக்கிக்கொள்கிறார்கள். மாணவர்கள் கால் நனைத்து நிற்கும் நீச்சல் குளத்தில் அந்த மின்னழுத்தத்தை இறக்க முடியாது.