லினேயஸ் டிரைப்பின் ஒளிப்படத் தொகுதிகளும் பாலாற்றுப் பள்ளத்தாக்கின் இடைவெளியும்

முன்னுரை

தென்னிந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதுவோர் 1858ஆம் ஆண்டைத் தவிர்த்துச் செல்ல இயலாது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பெற்ற கேப்டன் லினேயஸ் டிரைப் (1822–1902) எடுத்த படங்கள் அவ்வாண்டில் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரை நான்கு பகுதிகளாகவும், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூரும் திருவையாறும், புதுக்கோட்டை, இராயக்கோட்டை முதலான சேலம் மாவட்ட இடங்கள் ஆகியன தனித்தனித் தொகுதிகளாகவும் அமைந்தன. இத்தலைப்புகளுள் வேலூர் இடம்பெறவில்லை, ஆம்பூரும் இல்லை. விசயநகரக் காலக் கோட்டையும், தூண்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற சலகண்டேசுவரர் கோயிலும் உள்ள ஓர் ஊர், மாகாணத்தின் முதல் பெரும் ஒளிப்படத் திட்டத்தின் தலைப்புகளில் இடம்பெறாமல் போனது ஏன் என்னும் வினாவை முன்வைத்து டிரைப்பின் வாழ்வையும் பணியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

படைவீரரும் கலைஞரும்

இங்கிலாந்தின் டெவன்போர்ட் துறைமுக நகரில் பிறந்த டிரைப், 1838இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னைக் காலாட்படைப் பிரிவொன்றில் பணியாற்றினார். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைப் பயின்றார். 1853இல் இலண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். பெங்களூருக்குத் திரும்பியதும் 1854 டிசம்பரில் ஹளேபீடு, பேளூர் கோயில்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1855ஆம் ஆண்டுச் சென்னைக் கண்காட்சியில் முதல்தரப் பதக்கம் பெற்றன. அதே ஆண்டில் ஆர்தர் பேயர் தலைமையில் பர்மிய அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் அனுப்பப்பட்டார். அப்பயணத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எதிர்ப்படங்கள் எடுத்தார். அவற்றுள் 120 தேர்ந்து தொகுக்கப்பட்டன. ஓவியர்களின் வரைபடங்களைவிட ஒளிப்படமே நம்பத்தக்கதும் சிக்கனமானதும் என்று கம்பெனி இயக்குநர்கள் கருதத் தொடங்கியிருந்த காலம் அது. 1856இல் டிரைப் அரசு ஒளிப்படக்காரரானதை இப்பின்னணியிலேயே காண வேண்டும்.

இவரைக் கலைஞர் என்பதா, ஆவணப் பணியாளர் என்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதனை அவர் கையாண்ட செய்முறை ஓரளவு தெளிவுபடுத்தும். ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவுள்ள மெழுகூட்டிய தாளில் அவர் எதிர்ப்படம் எடுத்தார். கண்ணாடித் தகட்டு முறையில் பூச்சு உலர்வதற்குள் வேலை முடிய வேண்டும். வெப்ப நாட்டில் அது பெருந்தொல்லை. மெழுகுத்தாளை முன்கூட்டியே அணியப்படுத்தி, மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்று, பின்னர் உருத்துலக்கலாம். ஆனால் அக்கால வேதிப்பூச்சு நீல ஒளிக்கே மிகுதியாக இணங்கியது, பச்சையை ஏற்கவில்லை. ஆகவே வானம் வெறும் வெண்மையாகவும் மரங்கள் கருந்திட்டுகளாகவும் பதிந்தன. டிரைப் எதிர்ப்படத்தின்மேல் வண்ணம் தீட்டி முகிலையும் இலைத்திரளையும் உருவாக்கினார். அவருடைய படங்களில் தோன்றும் முகில்களுள் பல ஒருபோதும் வானில் மிதந்தவை அல்ல. இதை ஏமாற்று என்பது மிகை. கல்லையும் சுதையையும் அவர் இவ்வாறு திருத்தி வரையவில்லை என்ற வேறுபாட்டைக் கருதினால், எதனைச் சான்றாகவும் எதனைச் சூழலாகவும் அவர் கொண்டார் என்பது விளங்கும். எனினும் நிலத்தோற்றத்தையோ பயிரையோ ஆராய்வோர் இப்படங்களை நேரடிச் சான்றாகக் கொள்வதில் எச்சரிக்கை வேண்டும்.

1857–58 பயணம்

வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி ஓய்ந்திராத 1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டார். இராயக்கோட்டை வழியாகச் சேலம் மாவட்டத்தைக் கடந்து காவிரிக் கரையையும், பின்னர் புதுக்கோட்டை, மதுரையையும் அடைந்தார். மதுரைத் தொகுதியில் திருமலை நாயக்கர் அரண்மனை சிதைந்த நிலையில் காணப்படுகிறது. நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது (1866–72) அவ்வரண்மனை புதுப்பிக்கப்பட்டதால், அதற்கு முந்தைய நிலையை அறிய இப்படங்களுக்கு ஈடான சான்று அரிது.

இப்பயணத்தின் உச்சம் தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த கல்வெட்டுப் படம் எனலாம். விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் எழுத்து வரிகளைத் துண்டு துண்டாக 21 எதிர்ப்படங்களில் பதிந்து, அச்சிட்டு, ஒன்றோடொன்று இணைத்து ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். கருவியை ஒவ்வொரு முறையும் அதே தொலைவில் நிறுத்தியிருந்தாலன்றி எழுத்தின் அளவு ஒத்துவராது. ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி 1890களில் வெளிவரத் தொடங்கியது. அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே ஒரு கல்வெட்டை வாசிப்புக்குரிய தொடராகப் படமெடுக்கும் எண்ணம் தோன்றியது கல்வெட்டியல் வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை.

சென்னையை அடைந்தபின் 1858 மே, சூன் திங்களில் அமராவதிச் சிற்பங்களைப் படமெடுத்தார். வால்டர் எலியட் 1845இல் அகழ்ந்தெடுத்த அச்சிற்பங்கள் பின்னர் இலண்டனுக்குக் கப்பலேறின.

விடுபட்ட பள்ளத்தாக்கு

வேலூர் விடுபட்டதற்குப் பயணவழியே முதற்காரணம். பெங்களூரிலிருந்து சென்னைக்கு நேராகச் செல்லும் பெருவழி பாலாற்றை ஒட்டியது. டிரைப் தேர்ந்ததோ தெற்கு வளைவு. இவ்விளக்கம் சரியானதே, எனினும் போதுமானதன்று. எளிதில் சென்றடையக் கூடிய ஊர் விடுபடுவதற்கு வழித்தடம் மட்டும் காரணமாகாது. இராயபுரத்திலிருந்து வாலாசா வரை 1856 சூலை முதல் நாளே தொடர்வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. வேலூர்க் கோட்டையோ 1806 எழுச்சியின் நினைவு படிந்த படைத்தளம். அதனுள் இருந்த கோயிலில் வழிபாடு அற்றுப்போய்ப் படைக்கலக் கிடங்காகப் பயன்பட்டது. தன் படையே சரக்கறையாக்கிய மண்டபத்தைத் தொன்மைச் சின்னமாகக் காட்ட அரசுக்கு ஆர்வம் குறைவாகவே இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. பெர்குசன் 1876இல் வெளியிட்ட கட்டடக்கலை வரலாற்றில் வேலூர் மண்டபம் பேசப்படுவதால், அதன் கலைமதிப்பு அறியப்படாததன்று.

இப்பள்ளத்தாக்குக்கு மிக அண்மையில் வருவது சேலம் மாவட்டத் தொகுதியே. இன்றைய தோல்தொழில் வட்டாரத்தின் ஒரு பகுதியான திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆயினும் அத்தொகுதியின் தலைப்பை இராயக்கோட்டை ஏற்றதற்கு, 1791இல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் கைப்பற்றிய கோட்டை என்ற பெருமை உண்டு. வென்ற கோட்டையும் தொழப்படும் கோயிலும் படத்துக்குரியன. ஆவாரம் பட்டையில் தோல் ஊறும் தொட்டியும் அங்கு உழைப்போரும் அத்திட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றனர். டிரைப்பின் படங்களில் மக்கள் அருகியே காணப்படுவதற்கு நீண்ட ஒளியூட்ட நேரத்தை மட்டும் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் பர்மாவிலும் தமிழகத்திலும் கட்டடத்தையே மையமாக நிறுத்திய தேர்வும் அதில் உண்டு.

திட்டத்தின் முடிவு

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெலியன் நிதிநெருக்கடியைக் காட்டி இப்பணியை நிறுத்த முனைந்தார். 1860இல் அது முற்றுப்பெற்றது. டிரைப் படைப்பணிக்கே திரும்பினார். பின்வந்த நாற்பதாண்டுகளில் ஒளிப்படத்தில் அவர் குறிப்பிடத்தக்க பணி எதுவும் ஆற்றவில்லை. அவருடைய தொழில் வேறு கையில் தொடர்ந்தது. உதவியாளராக இருந்த சி. ஐயாசாமி, அலெக்சாந்தர் ஹண்டர் நிறுவிய சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் ஒளிப்படம் கற்பித்தார். டிரைப் பற்றி அயல்நாட்டு அருங்காட்சியகங்கள் பெருங்கண்காட்சி நடத்தியுள்ள நிலையில், தமிழில் ஒளிப்பட வரலாறு எழுதப்பட வேண்டுமாயின் அது ஐயாசாமியிடமிருந்து தொடங்குவதே முறை.

வேலூர்க் கோயிலில் 1981இல்தான் இறையுருவம் மீண்டும் நிறுவப்பெற்று வழிபாடு தொடங்கியது. படைக்கிடங்காக அது இருந்த காலத்து உட்புறத் தோற்றத்தை அறிய விழைவோர்க்கு 1858ஆம் ஆண்டுத் தொகுதிகள் உதவா. படைத்துறைக் கோப்புகளையும், டிரைப்புக்குப் பின்வந்த வணிக ஒளிப்படக்காரர்களின் அட்டைகளையுமே நாட வேண்டியுள்ளது.