அந்தோணி ஜான்சனின் நிலம்

அமெரிக்காவின் முதல் அடிமை உடைமையாளர் ஒரு கறுப்பர்தான் என்னும் கூற்று, அந்தோணி ஜான்சன் என்ற பெயரோடும் ஒரு புகைப்படத்தோடும் இணையத்தில் மீண்டும் மீண்டும் சுற்றுக்கு வருகிறது. ஜான்சன் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னரே புகைப்படக்கலை தோன்றியது. ஆதலால் படத்தை விட்டுவிடலாம். கூற்றுக்குச் சான்றாகக் காட்டப்படுவது 1655ஆம் ஆண்டின் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு. தீர்ப்பு மெய்யானது. ஆனால் அக்குடும்பத்தைப் பற்றி எஞ்சியிருக்கும் பத்திரங்களுள் அது ஒன்று மட்டுமே.

பத்திரங்கள் எஞ்சியதே ஒரு நல்வாய்ப்பு. வர்ஜீனியாவின் பல கவுண்டிகளின் பழைய ஏடுகள் உள்நாட்டுப் போரின்போது தீக்கிரையாயின. செசபீக் விரிகுடாவுக்கு அப்பால் கிழக்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்த நார்தாம்ப்டன் கவுண்டியின் நீதிமன்ற ஏடுகளோ 1632 முதல் அறுபடாமல் கிடைக்கின்றன. அமெரிக்காவில் இத்தகைய தொடர்ச்சியுடைய கவுண்டி ஆவணங்களுள் மிகப் பழையவை இவையே. ஜான்சன் குடும்பம் குடியேறியது அந்த மண்ணில்.

ஆவணங்களில் அவர் முதலில் வருவது வேறு பெயரில். 1625ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் 'அந்தோனியோ, நீக்ரோ' என்ற பதிவு உள்ளது. 1621இல் 'ஜேம்ஸ்' கப்பலில் வந்தவர் என்கிறது அது. அடுத்த ஆண்டு வந்த மேரி என்ற ஆப்பிரிக்கப் பெண்ணும் அதே பண்ணையில் பதிவாகியுள்ளார். பின்னாளில் அவரே மனைவி. போர்ச்சுகீசிய உருவான அந்தோனியோ, 1650 அளவில் ஆங்கில அந்தோணியாகி, ஜான்சன் என்ற குடும்பப் பெயரையும் பெற்றுவிடுகிறது. பெயர் முழுமையாக ஆங்கிலமாயிற்று. பின்னொட்டாக வந்த 'நீக்ரோ' மட்டும் சில பத்திரங்களில் நீங்குகிறது, சிலவற்றில் ஒட்டிக்கொள்கிறது. அச்சொல் அப்போது வெறும் அடையாளக் குறிப்பா, சட்டத் தகுதியா என்பதே இக்குடும்ப வரலாற்றின் முடிச்சு.

1651இல் அவருக்கு 250 ஏக்கர் உரிமையாயிற்று. ஓர் ஆளைக் குடியேற்றத்துக்குக் கொண்டுவரக் கப்பல் கூலி கொடுத்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் என்பது அந்நாளைய ஏற்பாடு. அவர் ஐந்து பெயர்களைக் காட்டினார். இந்தத் தலையுரிமைகள் விலைக்கும் கைமாறின என்பதால், ஒரு நிலச் சாசனத்தில் உள்ள பெயர்களை அப்படியே வேலையாட்களின் பட்டியலாகக் கொள்ளும் வாசிப்பு தவறானது. மகன் ஜான் 1652இல் 550 ஏக்கரும், மற்றொரு மகன் ரிச்சர்ட் 1654இல் 100 ஏக்கரும் பெற்றனர்.

1653இல் ஒரு தீ விபத்து குடும்பத்தை நலிவுறச் செய்தது. நீதிமன்றம் மேரிக்கும் இரு மகள்களுக்கும் வாழ்நாள் வரிவிலக்கு அளித்தது. இது வெறும் கருணையன்று. 1643ஆம் ஆண்டுச் சட்டம் ஆப்பிரிக்கப் பெண்களைத் தலைவரிக்கு உட்படுத்தியது. ஆங்கிலப் பெண்களுக்கு அவ்வரி இல்லை. விலக்கின் மூலம் மேரியும் மகள்களும் ஆங்கிலப் பெண்களின் தகுதியைப் பெற்றனர்.

அதே காலத்தில்தான் ஜான் கேசோரின் வழக்கு. தாம் ஏழெட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர் என்றும், அதற்கு மேலும் ஏழாண்டுகள் பிடித்து வைக்கப்பட்டிருப்பதாகவும் கேசோர் முறையிட்டார். ஜான்சனோ அவர் ஆயுள் முழுவதும் தமக்குரியவர் என்றார். மனைவி மக்களின் வற்புறுத்தலால் ஒருமுறை விடுவித்தார். பின்னர் மனம் மாறி, கேசோரை வைத்திருந்த ராபர்ட் பார்க்கர் மீது வழக்குத் தொடுத்தார். 1655 மார்ச்சில் நீதிமன்றம் கேசோரை ஜான்சனிடமே திருப்பி ஒப்படைத்தது. ஆங்கிலக் குடியேற்றத்தின் நீதிமன்றம், கறுப்பர் ஒருவரின் உடைமை உரிமைக்காக இன்னொரு கறுப்பரின் விடுதலையை மறுத்தது. இதை மழுப்பத் தேவையில்லை. எனினும் 'முதல்' என்ற சொல் நிற்காது: 1640இலேயே, இரு ஐரோப்பியருடன் தப்பியோடிப் பிடிபட்ட ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு மட்டும் வர்ஜீனிய நீதிமன்றம் ஆயுட்கால ஊழியம் விதித்தது. மற்ற இருவருக்கும் சில ஆண்டு நீட்டிப்போடு முடிந்தது.

1665 அளவில் ஜான்சன் 200 ஏக்கரை விற்றார். எஞ்சிய 50 ஏக்கரை ரிச்சர்டுக்கு அளித்துவிட்டு மேரிலாந்தின் சாமர்செட் கவுண்டிக்குப் பெயர்ந்தார். அங்கே குத்தகைக்கு எடுத்த 300 ஏக்கரின் பெயர் 'டோனியின் திராட்சைத் தோட்டம்'. கேசோரும் அவர்களுடன் சென்றார். 1670 வசந்தத்துக்கு முன்பே ஜான்சன் இறந்தார்.

அவ்வாண்டு ஆகஸ்டில் வர்ஜீனியாவில் ஒரு நடுவர் குழு அந்த 50 ஏக்கரைப் பற்றி விசாரித்தது. ஜான்சன் நீக்ரோ, எனவே அந்நியர், எனவே நிலம் அரசருக்குரியது என்பது அதன் முடிவு. ரிச்சர்ட் உயிரோடு இருந்தார். தந்தை அளித்த கொடையும் இருந்தது. இரண்டையும் அந்த 'எனவே' துடைத்தெறிந்தது. குடிக்கணக்கில் 45 ஆண்டுகளுக்கு முன் பெயருக்குப் பின் எழுதப்பட்ட சொல், இப்போது உரிமையை அழிக்கும் காரணமாயிற்று. இடையில் 1662இன் சட்டம் தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்றது. 1667இன் சட்டம் ஞானஸ்நானம் விடுதலை தராது என்றது. தீர்ப்பு வந்த அதே ஆண்டில், கறுப்பர் கிறித்தவப் பணியாளரை வாங்குவதும் தடைசெய்யப்பட்டது. 1655இல் உடைமையாளராக நீதிமன்றம் ஏற்ற மனிதரை, 1670இல் உடைமைக்கே தகுதியற்றவராக்கிய காலம் அது.

மேரிலாந்தில் மேரி குத்தகையை 99 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார். 1672இல் பேரன்களுக்குப் பசுக்களை எழுதிவைத்தார். செசபீக் பகுதியில் பிள்ளைக்கு எழுதப்பட்ட பசுவின் கன்றுகளும் அப்பிள்ளைக்கே சேரும் வழக்கம் இருந்தது. நிலம் பறிபோகக் கண்ட குடும்பத்துக்கு ஈனும் சொத்து உறுதியானதாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

1677இல் பேரன் ஜான் 44 ஏக்கர் வாங்கினார். அந்நிலத்துக்கு அவர் இட்ட பெயர் 'அங்கோலா'. பெயர்களை ஆங்கிலமாக்கியே வந்த குடும்பம், மூன்றாம் தலைமுறையில் ஓர் ஆப்பிரிக்க நாட்டின் பெயரைக் கிரயப் பத்திரத்தில் எழுதச் செய்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் பின் அக்குடும்பத்தின் தடம் ஏடுகளில் மங்கிவிடுகிறது.