வில்லியம்ஸ், மேரி லூ (1910–1981)

அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர், இசையமைப்பாளர். ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் 1910 மே 8 அன்று பிறந்தார். இயற்பெயர் மேரி எல்ஃப்ரீடா ஸ்க்ரக்ஸ். வளர்ந்தது பிட்ஸ்பர்க் நகரின் ஈஸ்ட் லிபர்ட்டி பகுதியில்.

தாயார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியத்தில் பயிற்சி செய்வார். ஒரு நாள் அவர் வாசித்து நிறுத்தியதும், மூன்று வயதளவில் இருந்த மகள் அதே இசையைத் தானே வாசித்துக் காட்டினாள். ஆசிரியரிடம் அனுப்பினால் கேள்விஞானம் கெட்டுவிடும் என்று அஞ்சிய தாயார், இசைக்கலைஞர்களை வீட்டுக்கு அழைத்து மகளுக்காக வாசிக்கச் சொன்னார். பத்து வயதை எட்டும்போதே மேரி அக்கம்பக்கத்து வீடுகளில் பியானோ வாசித்துச் சம்பாதிக்கும் சிறுமியாக அறியப்பட்டிருந்தார்.

சாக்சபோன் கலைஞர் ஜான் வில்லியம்ஸை மணந்தபின், கணவர் இருந்த ஆண்டி கர்க்கின் கன்சாஸ் நகர இசைக்குழுவுக்கு இவரும் வந்து சேர்ந்தார். இசைக்குறிப்பு எழுதத் தெரியாத நிலையில், தோன்றியதை வாசித்துக் காட்டுவார். கர்க் அதை எழுதிக்கொள்வார். விரைவிலேயே எழுதக் கற்று, குழுவின் முதன்மை இசைக்கோப்பாளரானார். 1930இல் முதல் தனி இசைத்தட்டு வந்தது. இசைக்குழுத் தலைவர் பென்னி குட்மனுக்கு எழுதித் தந்த ‘ரோல் எம்’ 1937இல் புகழ்பெற்றது. டியூக் எலிங்டனுக்கும் இசைக்கோப்புகள் செய்தார். அக்காலத்தில் ரசிகர் மனத்தில் பதிந்தது குழுத்தலைவரின் பெயர்தான். இவர் புகழ் உழைப்புக்கு வெகுவாகப் பின்தங்கியதற்கு அது முக்கியக் காரணம்.

1942இல் கர்க்கின் குழுவை விட்டு விலகி, பின்னர் நியூயார்க்கில் குடியேறினார். ‘கஃபே சொசைட்டி’ விடுதியில் இரவு நிகழ்ச்சி முடிந்ததும் ஹார்லெமில் இருந்த இவர் வீட்டில் இளைஞர்கள் கூடுவார்கள்: தெலோனியஸ் மங்க், பட் பவல், டிஸி கில்லெஸ்பி, டாட் டாமெரன். புதிய மெட்டுகளைப் பியானோவில் வாசித்துக் காட்டி இவரிடம் கருத்துக் கேட்பார்கள். ‘பீபாப்’ என்ற புதிய ஜாஸ் பாணி உருவான இடங்களுள் அந்த வீட்டையும் சேர்த்தாக வேண்டும். மூத்த கலைஞர்கள் பலர் அந்தப் பாணியை வெறுத்து ஒதுக்கியபோது, இவர் அதைத் தாமும் கற்று வாசித்தார்.

பன்னிரண்டு ராசிகளுக்கும் ஒவ்வொன்றாக இசையமைத்த ‘ஸோடியாக் சூட்’ (1945) இவரது பெரும் படைப்பு. அந்தந்த ராசியில் பிறந்த கலைஞர்களை நினைவில் கொண்டு எழுதியது. அதன் மூன்று பகுதிகளை 1946இல் கார்னகி அரங்கில் சிம்பொனி இசைக்குழுவுடன் வாசித்தார்.

1952இல் ஐரோப்பா சென்றவர், 1954இல் பாரிசில் மனம் சோர்ந்து மேடையைத் துறந்தார். நியூயார்க் திரும்பி 1957இல் கத்தோலிக்க சமயம் தழுவினார். போதைக்கு அடிமையான இசைக்கலைஞர்களைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். அதற்குப் பணம் திரட்டப் பழைய துணிமணிக் கடை நடத்தினார். மீண்டும் வாசிக்கத் தொடங்கிய பிறகு ‘பிளாக் கிரைஸ்ட் ஆஃப் தி ஆண்டிஸ்’ தொடங்கிப் பல சமய இசைப் படைப்புகளை ஜாஸில் ஆக்கினார். அவற்றுள் ‘மேரி லூஸ் மாஸ்’ 1975இல் நியூயார்க்கின் புனித பேட்ரிக் பேராலயத்தில் இசைக்கப்பட்டது.

1920கள் முதல் 1970கள் வரை ஜாஸ் எடுத்த ஒவ்வொரு வடிவத்திலும் முதல் தரத்தில் வாசித்தவர்கள் மிகச் சிலரே; அவர்களுள் ஒருவர் இவர். ‘பெண் கலைஞர்’ என்ற தனி வரிசையில் வைத்துப் பாராட்டுவது இவருக்குப் போதாது.

1977 முதல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜாஸ் கற்பித்தார். 1981 மே 28 அன்று டர்ஹம் நகரில் புற்றுநோயால் காலமானார். அப்பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பண்பாட்டு மையம் 1983 முதல் இவர் பெயரில் இயங்குகிறது.