கடலில் விதைத்த கதை

மாலை வேளையில் வெள்ளவத்தையிலே புகையிரதப் பாதையைக் கடந்து, கரையிலுள்ள கற்களின்மேல் நின்று மேற்றிசையை நோக்குவோர்க்குக் கடலுக்கு எல்லையே இல்லை எனத் தோன்றும். மறுநாட் காலையில் கொட்டாஞ்சேனைச் சந்தைக்கு மீன் வாங்கச் செல்பவரோ வேறோர் எண்ணத்துடன் வீடு திரும்புகின்றார். நேற்றுக் கண்ட மீன் இன்று இல்லை. இன்றுள்ள மீனின் விலையோ கைக்கு எட்டவில்லை. கடல் எல்லையற்றதாயினும் கடலின் செல்வம் எல்லையுள்ளது என்பதை நாம் சந்தையிலேதான் கற்றுக்கொள்கின்றோம்.

வயலில் விளைச்சல் குன்றினால் அரசாங்கம் உழவனுக்கு விதைநெல் வழங்குகின்றது. அவ்வாறே கடலில் மீன் குன்றினால் கடலுக்கும் விதை வழங்கலாகாதா? முட்டைகளை நிலையங்களிலே பொரிக்கச் செய்து, குஞ்சுகளைக் கோடிக்கணக்கில் கடலில் விட்டால் குறைந்த செல்வம் மீண்டும் பெருகாதா? கேட்பதற்கு எளிய இவ்வினாவுக்கு விடை காண உலகம் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்தது. அவ்வுழைப்பின் ஒரு சிறந்த அத்தியாயம் நம் மன்னார்க் கடலிலே எழுதப்பட்டது என்பதைப் பலர் அறியார். அதனையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

முதலில் இவ்வெண்ணம் பிறந்த இடங்களைச் சற்றுப் பார்ப்போம். 1871ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசாங்கம், கரையோர மீன்கள் குறைவதன் காரணத்தை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்து, ஸ்பென்சர் பெயர்ட் என்னும் அறிஞரை அதன் தலைவராக்கியது. ஆராயத் தொடங்கிய ஆணைக்குழு, விரைவிலே மீன்குஞ்சு பொரிக்கும் பணியிலும் இறங்கியது. நோர்வே நாட்டில் டானெவிக் என்னும் கப்பற் தலைவர் 1882ஆம் ஆண்டில் ஃபுலோடெவிகன் என்னுமிடத்தில் கோட் மீனுக்கென ஒரு பொரிப்பு நிலையம் நிறுவினார். நம் வீடுகளிற் பிள்ளைகளுக்கு ஊட்டும் மீனெண்ணெய் இந்தக் கோட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படுவதே. பொரித்த சில நாட்களுள், வயிற்றில் மஞ்சட்கருப் பை நீங்காத நிலையிலேயே, அக்குஞ்சுகள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கிற் கடலில் விடப்பட்டன.

விட்ட குஞ்சுகள் என்னவாயின? இக்கேள்விக்கு எவராலும் உறுதியாக விடை கூற இயலவில்லை. நோர்வேயின் யோஹான் யோர்ட் என்னும் அறிஞர் 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், மீன்வளம் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதற்கு முட்டைகளின் தொகை முதற் காரணமன்று, குஞ்சுப் பருவத்தில் எத்தனை பிழைக்கின்றன என்பதே பெருங் காரணம் என்று விளக்கினார். ஒரு தாய் மீனே பல இலட்சம் முட்டைகளை இடுகின்றது. அவ்வாறாயின் கடலுக்குக் குறைவு முட்டையா, அல்லது பிழைக்கும் வாய்ப்பா? விடை தெரிந்த பின்னரும் பழைய வழக்கம் எளிதில் மறையவில்லை. அமெரிக்காவின் கடல்மீன் பொரிப்பு நிலையங்கள் 1950ஆம் ஆண்டுகள் வரையும், நோர்வேயின் பணி 1971ஆம் ஆண்டு வரையும் நீடித்தன.

இனி நம் கடலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில், கரைக்கு அப்பால் ஆழம் குறைந்த இடங்களிற் கடினமான அடித்தளம் பரந்து கிடக்கின்றது. இவ்விடங்களை நம் முன்னோர் பார் என்றனர். முத்துச்சிப்பி மீன் அன்று. ஆயினும் கடல்வளம் அழிவதையும், அதனை மீட்க அரசாங்கம் முயல்வதையும் அதன் வரலாறு போல் விளக்குவது வேறில்லை. சிப்பியின் முட்டையிலிருந்து பிறக்கும் நுண்ணுயிர் சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து, பின்னர் கடினமான தரையைக் கண்டால் ஒட்டிக்கொள்கின்றது. மணலில் வீழ்ந்தால் மடிகின்றது. ஒட்டிய சிப்பி நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்த பின்னரே குளிப்புக்கு உரியதாகின்றது.

முத்துக்குளிப்பு அரசாங்கத்துக்குப் பெரும் வருவாய். எடுத்த சிப்பிகளை மூன்று கூறாக்கி, இரண்டு கூறு அரசாங்கத்துக்கும் ஒரு கூறு குளிகாரருக்கும் எனப் பிரித்தனர். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளில் ஆண்டின் சில வாரங்களுக்கு மட்டும் ஓலைக் கொட்டில்களாலான பெருநகரங்கள் எழுந்தன. தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அரபு நாட்டினரும் ஒரே கடலிற் குளித்தனர். சிப்பிகளை ஏலத்தில் எடுக்க வணிகர் பல திசைகளிலிருந்தும் வந்து கூடினர்.

ஆயின் இச்செல்வம் நிலையற்றது. 1837ஆம் ஆண்டுக்குப் பின் 1855 வரை குளிப்பே நிகழவில்லை. அரசாங்கம் கலங்கியது. 1857ஆம் ஆண்டில் இலங்கையிற் பிறந்த மருத்துவரும் இயற்கை ஆராய்ச்சியாளருமான கெலாட் என்பவரிடம் சிப்பியின் வாழ்க்கையை ஆராயும் பணி ஒப்படைக்கப்பட்டது. சிப்பி தான் பற்றியிருக்கும் நாரை விட்டு நகர்ந்து மறுபடியும் வேறிடத்திற் பற்றிக்கொள்ள வல்லது என்பதை அவர் கண்டார். ஓரிடத்துச் சிப்பியை வேறோரிடத்தில் வாழவைக்கலாம் என்னும் நம்பிக்கை இதிலிருந்து வலுப்பெற்றது. அவர் 1860இல் மறைந்தார்.

1891ஆம் ஆண்டில் நல்ல குளிப்பு நிகழ்ந்தது. அதன்பின் பதினோராண்டுகள் பார்கள் வெறுமையாயின. இம்முறை அரசாங்கம் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரப் பேராசிரியர் ஹேர்ட்மனை அழைத்தது. 1902ஆம் ஆண்டு சனவரியில் அவர் வந்தார்; உதவியாளராக ஜேம்ஸ் ஹோர்னெல் உடன் வந்தார். சில மாதங்களிற் பேராசிரியர் திரும்பிவிட, ஹோர்னெல் இங்கேயே தங்கி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

அவர்கள் கண்டவற்றுள் நாம் மறக்கலாகாதது பெரிய பாரைப் பற்றியது. கரையிலிருந்து வெகு தொலைவில், வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் பார் இது. இதனைக் கடலோடிகள் தாய்ப்பார் என்றும் அழைத்தனர். இங்கே தோன்றும் இளஞ்சிப்பிகளே மற்றைப் பார்களுக்கு நகர்ந்து சென்று நிரப்புகின்றன என்பது அவர்களது எண்ணம். பேராசிரியர் கண்ட உண்மை வேறு. 1880ஆம் ஆண்டுக்குப் பின் பத்துத் தடவைக்கு மேல் அப்பாரில் இளஞ்சிப்பிகள் தாமாகவே வந்து நிறைந்திருந்தன. ஒரு தடவையேனும் அவை குளிப்புக்குரிய பருவத்தை அடையவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் கடலடி கலங்கி, அவை அடித்துச் செல்லப்பட்டும் மணலில் மூடுண்டும் மடிந்தன. எஞ்சியவற்றை வௌவால் திருக்கையும் கிளாத்தி மீனும் நட்சத்திர மீனும் தின்று தீர்த்தன.

நேயர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பொரிப்பு நிலையமும் தரவியலாத பெருந்தொகையைக் கடலே இலவசமாகத் தந்தது; மீண்டும் மீண்டும் தந்தது; ஆயினும் விளைவு இல்லை. குறைவு விதையில் அன்று; நிலத்தில், காவலில், காலத்தில். ஆதலாற்றான் ஹேர்ட்மன், பெரிய பாரில் மடியவிருக்கும் இளஞ்சிப்பிகளை அள்ளிச் சேவல்பார் போன்ற காப்பான பார்களிற் பரப்புமாறும், அவை பற்றிக்கொள்ளக் கற்களையும் ஓடுகளையும் இடுமாறும், நெருக்கமாயுள்ளவற்றை விலக்குமாறும், நட்சத்திர மீன்களை அகற்றுமாறும் பரிந்துரைத்தார். காலியில் ஒரு கடலாராய்ச்சிக் கூடமும் எழுந்தது.

அடுத்து நிகழ்ந்தது பெருஞ் செல்வம். 1903 முதல் 1907 வரை ஐந்தாண்டுகள் இடைவிடாது குளிப்பு நடந்தது. 1905ஆம் ஆண்டில் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது. இச்சிப்பிகள் ஆராய்ச்சிக்கு முன்னரே கடலில் வளரத் தொடங்கியவை என்பதை அக்காலத்துப் பலர் மறந்தனர். 1906ஆம் ஆண்டில், ஆண்டுக்கு மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் வாடகைக்கு, இருபது ஆண்டுகளுக்குப் பார்கள் அனைத்தும் ஓர் ஆங்கிலக் கம்பனிக்குக் குத்தகையாக விடப்பட்டன. அறிவியலின் துணையால் கடலை வயலாக்கலாம் என்பது கம்பனியின் நம்பிக்கை. இளஞ்சிப்பிகளை அள்ளினர், வேறு பார்களிற் பரப்பினர். ஆனால் 1907ஆம் ஆண்டின் குளிப்பே இறுதியாயிற்று. 1912இல் கம்பனி கலைந்தது.

அறிவுரை பிழையா? பிழை என்று கூறவியலாது. நிலத்தை ஆயத்தம் செய்யவும் பகையை விலக்கவும் பல ஆண்டுப் பொறுமை வேண்டும். வாடகை செலுத்தும் கம்பனிக்கோ அடுத்த ஆண்டே முத்து வேண்டும். ஐந்தாண்டுகள் தொடர்ந்து பெருந்தொகையை அள்ளிய பின், பார்களிற் போதிய தாய்ச்சிப்பிகள் எஞ்சவில்லை என்று பின்வந்தோர் சிலர் கருதினர். 1925ஆம் ஆண்டில் ஒரு குளிப்பு நிகழ்ந்தது. 1958ஆம் ஆண்டில் இன்னொரு சிறு முயற்சி நிகழ்ந்தது. அவ்வளவே. எதிர்க்கரையான தூத்துக்குடியிலும் 1961ஆம் ஆண்டோடு குளிப்பு முடிந்தது.

இக்கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. தூத்துக்குடியில் இந்திய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சுவாமி முதலான அறிஞர்கள், 1973ஆம் ஆண்டில் வளர்ப்பு முத்தையும், 1981ஆம் ஆண்டிற் பொரிப்பு நிலையத்திலேயே இளஞ்சிப்பிகளையும் உண்டாக்கினர். ஹேர்ட்மன் காணாத வெற்றி அது. 1985ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் அவ்விளஞ்சிப்பிகள் தூத்துக்குடிப் பார்களில் இலட்சக்கணக்கில் விடப்பட்டன. ஆராய்ச்சியில் வென்ற அம்முயற்சியாலும் பழைய முத்துக்குளிப்பு மீளவில்லை. விதை கைக்கு வந்தது, கடல் வயலாகவில்லை.

அவ்வாறாயின் கடலில் விதைப்பது வீண் முயற்சியா? அன்று. யப்பானிலுள்ள ஹொக்கைடோத் தீவின் வடகரையில் விசிறிச்சிப்பியை மீட்ட வரலாறு நமக்கு வழிகாட்டும். அங்குள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்தார் கடலிலே தாமாக மிதந்து வரும் இளஞ்சிப்பிகளைத் திரட்டி, சில மாதங்கள் கூடைகளில் வளர்த்து, வலிமை பெற்ற பின்னரே கடலடியில் விடுகின்றனர். விடுமுன் நட்சத்திர மீன்களை வாரி அகற்றுகின்றனர். கடலடியைப் பகுதிகளாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு பகுதியில் மட்டும் அறுவடை செய்து, ஏனையவற்றை வளரவிடுகின்றனர். 1970ஆம் ஆண்டுகள் முதல் அவர்களுக்கு விளைவு பெருகிற்று. கூர்ந்து நோக்கினால் இவை ஹேர்ட்மன் மன்னாரிற் கூறிய அறிவுரைகளுக்கு மிக நெருங்கியவை என்பது விளங்கும். வேறுபாடு ஒன்றே. விதைப்பவரும் காப்பவரும் அறுப்பவரும் அங்கே ஒருவரே. ஆதலால் அவரே பொறுமை காக்கின்றார்.

நம் நாட்டுக் குளங்களிலும் இதே உண்மையைக் காண்கின்றோம். 1999இல் அமைந்த நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகார சபை கிராமக் குளங்களில் மீன்குஞ்சுகளை இடுகின்றது. குளத்துக்குக் கரை உண்டு; குளத்துக்கு உரிய ஊரும் உண்டு; இட்ட மீன் எங்கே போகும்? கடலுக்குக் கரை ஒரு பக்கமே. இந்தியாவின் மண்டபத்தில் 2022ஆம் ஆண்டு முதல் இறாற் குஞ்சுகளைப் பாக்கு விரிகுடாவில் விடும் பணி நடைபெற்றுள்ளது. அதே விரிகுடாவில் அடித்தளத்தை வாரும் இழுவை வலைகளும் ஓடினால், இடும் கை எது, எடுக்கும் கை எது என்று மீனவன் கேட்பது முறையன்றோ?

கொழும்பு வடக்கிலே, முகத்துவாரத்துக்கு அப்பால் களனி கங்கை கடலோடு கலக்குமிடத்துக்கு அருகில், காக்கைத்தீவில் நாரா எனச் சுருக்கி வழங்கும் நீர்வள ஆராய்ச்சி நிலையம் 1981ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. அத்தகைய நிலையங்களில் அறிஞர் குஞ்சு பொரிப்பதை நாம் வரவேற்போம். ஆயின் ஆண்டு இறுதியில் எத்தனை கோடி குஞ்சுகள் விடப்பட்டன என்னும் கணக்கை மட்டும் கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். எத்தனை வளர்ந்தன, எந்தத் தரை காக்கப்பட்டது, எவ்வளவு காலம் வலை ஓய்ந்திருந்தது என்னும் கணக்குகளையும் கேட்போம். தாய்ப்பாரின் இளஞ்சிப்பிகள் நமக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவே.