சொல்லால் எழுந்த உலகம்

விளையாட்டு, மாந்த இனத்தின் தொன்மையான பழக்கங்களுள் ஒன்று. ஆடுகளமும் ஆடுகருவியும் காலந்தோறும் மாறி வந்துள்ளன. மண்ணிலும் பலகையிலும் ஆடப்பெற்ற விளையாட்டு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணினித் திரையிலும் இடம்பெற்றது. கணினி விளையாட்டு என்றவுடன் வண்ணப் படங்களும் பேரொலியுமே இன்று நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், பல நாட்டினர் ஒரே வேளையில் ஒன்றுகூடி ஆடும் இணைய விளையாட்டுகளின் மூதாதை படமும் ஒலியும் அறியாதது. அதன் நிலமும் வானும் மாந்தரும் விலங்குகளும் எழுத்தால் மட்டுமே ஆனவை. சொல்லையே கல்லாகவும் மண்ணாகவும் கொண்டு எழுப்பப்பட்ட அவ்வுலகின் வரலாறு, மொழியைக் கற்போரும் கற்பிப்போரும் அறியத்தக்கதாகும்.

குகையில் பிறந்த கதை

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்னும் மிகப் பெரிய குகைத்தொடர் உள்ளது. கணினி வல்லுநரான வில் குரௌதர் அக்குகைகளுள் இறங்கி அளந்து வரைபடம் எழுதியவர்களுள் ஒருவர். அவர் 1970களின் நடுப்பகுதியில், தம் பெண்மக்கள் ஆடி மகிழும் பொருட்டு, குகைப் பயணத்தையே ஒரு கணினி விளையாட்டாக அமைத்தார். ஆடுபவர் நிற்கும் இடத்தைக் கணினி சில வரிகளில் விவரிக்கும். ஆடுபவர் எப்பக்கம் செல்வது, எதனை எடுப்பது என்று ஓரிரு சொற்களில் கட்டளையிடுவார். 1977ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் வுட்ஸ் அதனை விரிவாக்கினார். 'அட்வென்ச்சர்' என்னும் பெயரில் அது பல்கலைக்கழகக் கணினிகள்தோறும் பரவியது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 'ஸார்க்' என்னும் விளையாட்டும் உருவாகத் தொடங்கியது. இவ்விரண்டிலும் ஒரு குறை இருந்தது. உள்ளே நுழைபவர் தனியராகவே நுழைந்து தனியராகவே திரும்பினார். அவருடன் சேர்ந்து ஆடவோ எதிர்த்து ஆடவோ வேறு ஆட்டக்காரர் இல்லை.

எஸ்ஸெக்ஸ் தந்த புதுமை

அக்குறையை நீக்கியவர்கள் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர். 1978ஆம் ஆண்டில் ராய் ட்ரப்ஷா, பலர் ஒரே வேளையில் புகுந்து ஆடத்தக்க விளையாட்டு ஒன்றை எழுதத் தொடங்கினார். நிலவறைக் கதையாகிய ஸார்க் விளையாட்டின் மறுவடிவை ஒட்டி 'மல்டி யூசர் டன்ஜன்', அதாவது பலர் புழங்கும் நிலவறை, என்று அதற்குப் பெயரிட்டார். அத்தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து 'மட்' என்றாயின. 1980ஆம் ஆண்டில் படிப்பு முடிந்து ட்ரப்ஷா வெளியேறும் வேளையில், நண்பர் ரிச்சர்டு பார்ட்டில் அப்பணியை ஏற்று நிறைவு செய்தார்.

இதன் புதுமை யாது? உலகம் ஒன்று, உள்ளே இருப்போர் பலர். ஒருவர் எடுத்துக்கொண்ட விளக்கு அடுத்து வருபவருக்குக் கிட்டாது. ஒருவர் பேசுவது அதே அறையில் நிற்கும் பிறர் திரையிலும் எழுத்தாகத் தோன்றும். ஆடுபவர் தட்டச்சு செய்யும் செல், எடு, கொடு, தாக்கு போன்ற ஏவல் வினைகளே அங்குச் செயல்களாயின. நாம் இலக்கண வகுப்பில் சொல்லாகக் கற்கும் ஏவல், அவ்வுலகில் சொல்லப்பட்ட அக்கணமே நிகழ்ச்சியாயிற்று. சொல்லுக்கும் செயலுக்கும் இடையே அங்கு இடைவெளியே இல்லை.

புதையல்களைத் தேடிக் கொணர்ந்து சதுப்பு நிலத்தில் இட்டால் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் பெருகப் பெருகப் படிநிலை உயரும். உச்சிப் படியை எய்தியவர் மந்திரவாதியாகி, அவ்வுலகையே ஆளும் ஆற்றல் பெறுவார். குடிப்பிறப்பும் பேச்சு வழக்கும் ஒருவரின் தகுதியை அளக்கும் கோல்களாக இருந்த பிரிட்டிஷ் சமுதாயத்திற்கு ஒரு மறுப்பாகவே அந்த ஏற்பாடு அமைந்தது என்று பார்ட்டில் பிற்காலத்தில் விளக்கியுள்ளார். முகமும் உடையும் உச்சரிப்பும் புலப்படாத அவ்வுலகில், ஒருவர் எழுதுவதும் செய்வதுமே அவருடைய மதிப்பாயின.

எனினும், அவ்வுலகின் வாயில் அனைவருக்கும் திறந்திருந்தது என்று கொள்வது மிகையாகும். ஆங்கிலம் அறிந்தவர்க்கும் கணினியை அணுகும் வாய்ப்புப் பெற்றவர்க்குமே அது திறந்தது. வெளியார் ஆடுவதற்கு எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகம் இசைவளித்ததும், பிறர் கணினியைப் பயன்படுத்தாத இரவு நேரங்களில்தான்.

கொடுத்ததால் பெருகியது

1987ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் நிறுவனம் இவ்விளையாட்டைத் தன் வாடிக்கையாளர்களுக்கு வழங்கத் தொடங்கியது. 1999ஆம் ஆண்டின் இறுதிவரை அது நடந்தது. ஆயினும், வணிகத்தைக் காட்டிலும் மாணவர்களின் ஆர்வமே இக்கலையை வளர்த்தது. எஸ்ஸெக்ஸ் விளையாட்டை ஆடிப் பழகிய ஆலன் காக்ஸ், வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் 1987ஆம் ஆண்டில் 'அபர்மட்' என்பதை எழுதினார். 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் 'டைனிமட்' என்பதையும், சுவீடனில் லார்ஸ் பென்ஷோ 'எல்பிமட்' என்பதையும் படைத்தனர். அடுத்து, கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர் ஐவர் 'டிகுமட்' என்பதை ஆக்கினர். இவற்றின் மூல நிரல்கள் கைக்குக் கைம்மாறின. விரும்பியவர் அவற்றைப் பெற்றுத் தம் கற்பனைக்கேற்ற உலகங்களைக் கட்டிக்கொண்டனர். கொடுக்கக் கொடுக்கக் குறையாதது கல்வி என்பர். கணினி நிரலுக்கும் அது பொருந்துவதை இவ்வரலாறு காட்டுகிறது.

சொல் சுட்ட வடு

1990ஆம் ஆண்டில் பாவெல் கர்ட்டிஸ் அமெரிக்காவில் 'லாம்டாமூ' என்னும் எழுத்துலகைத் தொடங்கினார். அங்குப் போரைவிட உரையாடலுக்கே முதலிடம். 1993ஆம் ஆண்டில் அவ்வுலகில் நிகழ்ந்த ஒரு செய்தி பலரைச் சிந்திக்க வைத்தது. புனைபெயருடன் உலவிய ஒருவர், பிற மாந்தர் இழிவான செயல்களில் ஈடுபடுவதாகத் தோன்றும் வரிகளைப் பலர் முன்னிலையில் திரையில் தோற்றுவித்தார். எவருடைய உடலிலும் ஒரு கீறல் விழவில்லை. ஆயினும், அவ்வரிகளுக்கு இலக்கானோர் உண்மையாகவே உள்ளம் புண்பட்டனர். ஜூலியன் டிப்பெல் என்னும் எழுத்தாளர் அதே ஆண்டில் இதுபற்றி எழுதிய கட்டுரை பரவலாகப் படிக்கப்பெற்றது.

'இது வெறும் சொல்தானே' என்று சிலர் வாதிட்டனர். சொல்லால் மட்டுமே ஆன உலகில் சொல்லைத் தவிர வேறு செயல் ஏது? சொல்லால் உண்டாகும் வடு ஆறாது என்று அடக்கமுடைமை அதிகாரத்தில் அறிவுறுத்திய வள்ளுவரைப் பயின்ற நமக்கு அவ்வினாவின் விடை புதியதன்று. அந்நிகழ்ச்சிக்குப் பின்னர், குடிமக்களே விண்ணப்பம் எழுப்பி வாக்களித்து முடிவு செய்யும் முறை அங்கு ஏற்படுத்தப்பட்டது. விளையாட்டாகத் தொடங்கிய உலகம், சட்டமும் ஆட்சியும் வேண்டிய சமுதாயமாயிற்று.

படம் வந்த பின்

1997ஆம் ஆண்டில் 'அல்டிமா ஆன்லைன்', 1999ஆம் ஆண்டில் 'எவர்குவெஸ்ட்', 2004ஆம் ஆண்டில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' எனப் பட உலகங்கள் தோன்றின. எவர்குவெஸ்டின் ஆட்டமுறை டிகுமட்டை எவ்வளவு ஒத்திருந்ததெனில், அதன் நிரலைத் தாங்கள் எடுத்தாளவில்லை என்று அதனை ஆக்கியோர் 2000ஆம் ஆண்டில் உறுதிமொழி எழுதிக் கொடுக்க நேர்ந்தது. ஓவியம் மாறினாலும் எலும்புக்கூடு பழையதே என்பதற்கு இதுவே சான்று.

எழுத்து விளையாட்டு மறைந்துவிடவில்லை. இணைய உலாவிக்குள் குடிபுகுந்தது. 2003ஆம் ஆண்டில் தொடங்கிய 'கிங்டம் ஆஃப் லோதிங்' என்னும் உலாவி விளையாட்டு, கோட்டுச் சித்திரங்களையும் நகைச்சுவை மிகுந்த எழுத்தையுமே கொண்டு புகழ் பெற்றது. 1997ஆம் ஆண்டில் தொடங்கிய 'அக்கேயா' என்னும் எழுத்துலகையும் பின்னர் உலாவி வழியே ஆட இயன்றது.

இவ்வுலகங்களை விட்டகலாதவர்களுள் பார்வையற்றோரும் உளர். திரையில் தோன்றும் எழுத்தைக் கணினி வாசித்துக் காட்ட, அவர்கள் கேட்டு ஆடுகின்றனர். பட உலகம் அவர்கள் முன் பெரும்பாலும் மூடிய கதவாக நிற்கிறது. சொல்லுலகிலோ காட்டில் நடப்பதிலும் போரில் வெல்வதிலும் அவர்கள் எவர்க்கும் குறைந்தவரல்லர். படம் விழியை நாடுகிறது. சொல் கருத்தை நாடுகிறது.

நான்கு வரிகளில் ஒரு காட்டையும், ஒரே வினையில் ஒரு செயலையும் படைக்க இயலும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். அவ்வாறே ஒரே வரியில் ஓர் உள்ளத்தைப் புண்படுத்தவும் இயலும். சொல்லின் இவ்விரு ஆற்றல்களையும் உணர்ந்து மாணவரை எழுதப் பழக்குவது மொழியாசிரியரின் கடனாகும். அவ்வாறு பழகியவர் நாளை தமிழிலும் இத்தகைய உலகங்களைக் கட்டுவர். அவற்றில் அறம் தவறாது வாழவும் செய்வர்.